ஃபார்வர்டிங்கில் புது வாடிக்கையாளரைப் பிடிப்பது: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் 16 வருடமாக விற்பனை வேலை பார்க்கிறேன். நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட் வரை என் ஏரியா. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் போன் செய்து கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அக்கா, ஃபார்வர்டிங்னா என்னன்னு கேக்கறாங்க. கூரியர் மாதிரின்னு சொல்லிடலாமா?"

வேண்டாம். கூரியர் என்று சொன்னால் கிலோ என்ன விலை என்றுதான் அடுத்த கேள்வி வரும். "உங்க கேட்டிலிருந்து வாங்குபவரின் ஊர் வரை சரக்கு போய்ச் சேர வண்டி, கஸ்டம்ஸ், கப்பல், விமானம், காகிதம் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். கப்பல் எங்களுடையது இல்லை. எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏற்றினால் உங்களுக்குச் சரிவரும் என்று பார்த்து இடம் பிடித்துத் தருகிறோம்." இவ்வளவு போதும்.

கூடவே நம் ஊர்க் கதையையும் சொல்லுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் துறைமுகம் இருந்தாலும், இங்கே நிரப்பும் கண்டெய்னர்கள் பெரும்பாலும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றில் ஒன்றுக்குத்தான் போகின்றன. புதுச்சேரியிலிருந்து அது 150 கிலோமீட்டருக்கு மேல். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பினால் துறைமுகத்தின் கட்-ஆஃப் நேரத்துக்குள் (கண்டெய்னரை உள்ளே விடும் கடைசி நேரம்) உள்ளே போகும், திண்டிவனத்தில் டயர் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இந்த ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும். சென்னைக் கம்பெனிகளோடு போட்டி போடும்போது நம் கையில் இருக்கும் பெரிய பலம் இது.

"நாமளும் சிஎச்ஏவும் ஒண்ணுதானே?"

இல்லை. நாம் சிஎச்ஏ என்று கூப்பிடுபவருக்குச் சட்டத்தில் இப்போது கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பெயர். 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உரிமம் வாங்கியவர். வாடிக்கையாளர் சார்பில் கஸ்டம்ஸில் ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி போடுவது அவர் வேலை. ஃபார்வர்டர் சரக்கைக் கொண்டுபோகும் பொறுப்பை எடுப்பவர். சொந்தமாக மல்டிமோடல் போக்குவரத்து ஆவணம் (வண்டி, கப்பல் என்று முழுப் பயணத்துக்கும் ஒரே ஆவணம்) கொடுக்க வேண்டுமானால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி கப்பல் துறை இயக்குநரகத்தில் பதிவு வேண்டும். உங்கள் கம்பெனியிடம் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

"யாரைப் போய்ப் பார்க்கிறது? லிஸ்ட் எங்க கிடைக்கும்?"

முதலில் கால் நடையாகப் பாருங்கள். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம், அப்புறம் கடலூர் குடிகாடு சிப்காட். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எந்த கேட் முன்னால் டிரெய்லர் நிற்கிறது, எந்தக் கிழமையில் நிற்கிறது, கண்டெய்னரில் எந்தக் கப்பல் கம்பெனியின் (லைன்) பெயர் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பக்கத்து டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த வண்டிகள் எந்தத் துறைமுகத்துக்குப் போகின்றன என்று டிரைவர்களே சொல்வார்கள்.

ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில்களின் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். தோல் பொருளுக்குச் சென்னையில் ஒன்று, கெமிக்கலுக்கு கெமெக்சில், மருந்துக்கு ஃபார்மெக்சில். ஆரோவில் பக்கம் ஊதுபத்தி, கைவினைப் பொருள் செய்பவர்களை யாரும் பட்டியலில் தேடுவதில்லை. நேரில் போனால்தான் தெரியும்.

"எந்தக் கம்பெனி எவ்வளவு அனுப்புது, என்ன விலைன்னு ஷிப்மெண்ட் டேட்டா வாட்ஸ்அப்ல விக்கறாங்க. வாங்கலாமா?"

வாங்காதீர்கள். ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் கஸ்டம்ஸில் கொடுக்கும் விலை, அளவு போன்ற விவரங்களைச் சட்டத்தில் சொன்ன வழியில்லாமல் வெளியிடுவது 2022இல் கஸ்டம்ஸ் சட்டத்தில் சேர்த்த 135ஏஏ பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "போன மாதம் நீங்கள் இந்த விலைக்கு அனுப்பினீர்கள்" என்று நீங்கள் ஒரு முதலாளியிடம் பேச்சை ஆரம்பித்தால், நாளைக்குத் தன் கணக்கும் உங்கள் வழியாக வெளியே போகும் என்றுதான் அவர் நினைப்பார்.

"கேட்லயே செக்யூரிட்டி அண்ணன் திருப்பி அனுப்பிடறார். என்ன செய்ய?"

"மேனேஜரைப் பார்க்கணும்" என்று கேட்டால் திருப்பித்தான் அனுப்புவார். டெஸ்பாட்சில் யார், ஸ்டோர்ஸில் யார் என்று பெயர் கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கேளுங்கள். காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரமும் சாப்பாட்டு நேரமும் வேண்டாம். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் போங்கள். மாதக் கடைசி வாரம் டெஸ்பாட்ச் ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அப்போது போய் நிற்காதீர்கள்.

தனியாகப் போகலாமா என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் ஸ்கூட்டியில் தனியாகத்தான் போகிறேன். எந்த கேட்டுக்குப் போகிறோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டும் முன் பேட்டையை விட்டு வந்துவிடுங்கள். டெஸ்பாட்சில் ஒரு அக்கா இருந்தால் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எனக்கு நிறைய கதவுகள் அப்படித்தான் திறந்தன.

"உள்ள விட்டுட்டாங்க. முதல் சந்திப்புல என்ன பேசணும்?"

நம் கம்பெனி பெருமையைப் பேசவே பேசாதீர்கள். ஐந்து கேள்வி கேளுங்கள். என்ன சரக்கு, எந்த ஊருக்கு, மாதம் எத்தனை கண்டெய்னர் அல்லது எத்தனை கன மீட்டர், எந்த இன்கோடெர்ம் (செலவும் ஆபத்தும் எதுவரை யாருடையது என்று சொல்லும் வர்த்தக விதி), போன மூன்று மாதத்தில் எந்த ஷிப்மெண்டில் தலைவலி வந்தது. கடைசிக் கேள்விக்கு அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தில் இன்கோடெர்ம் கேள்விதான் உங்கள் ஆறு மாத உழைப்பைக் காப்பாற்றும். கப்பல் கூலியைக் கொடுப்பவர்தான் ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பார். எஃப்ஓபி என்றால் வெளிநாட்டில் வாங்குபவர் கொடுக்கிறார். சிஎஃப்ஆர், சிஐஎஃப், டிஏபி என்றால் நம் ஏற்றுமதியாளர். இறக்குமதியில் இது அப்படியே திரும்பும். எக்ஸ்ஒர்க்ஸ் (விற்பவரின் வாசலிலேயே எடுத்துக்கொள்வது), எஃப்ஓபியில் வாங்கும் இறக்குமதியாளர் கையில்தான் முடிவு இருக்கும். எஃப்ஓபி கம்பெனிக்கு வாரா வாரம் கப்பல் ரேட் அனுப்பிக்கொண்டு, ஏன் பதில் வரவில்லை என்று கலங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

"'எங்களுது எல்லாம் எஃப்ஓபிம்மா'ன்னு சொல்லிட்டார். அப்ப அந்தக் கம்பெனியை விட்டுடலாமா?"

விடாதீர்கள், வேறு வாசலில் தட்டுங்கள். அதே கம்பெனி மெஷின், மூலப்பொருள், உதிரி பாகம் என்று ஏதாவது இறக்குமதி செய்யும். அங்கே முடிவு அவர்களுடையது. சாம்பிள்களை விமானத்தில் அனுப்புவார்கள். தொழிற்சாலையிலிருந்து துறைமுகம் வரை வண்டியும் கஸ்டம்ஸும் எஃப்ஓபியிலும் நம் ஏற்றுமதியாளர் பொறுப்புதான். வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அங்கே உங்கள் ஏஜென்ட் இருந்தால், அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். நாமினேஷன், அதாவது இந்த ஃபார்வர்டரிடம்தான் கொடுங்கள் என்ற உத்தரவு, அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆபத்து விற்பவருடையது. கண்டெய்னரோ கப்பல் வரும் முன்பே துறைமுக யார்டில் இறங்கி நாலைந்து நாள் கிடக்கிறது. அந்த நாட்களில் மழைத் தண்ணீர் புகுந்தால் நஷ்டம் நம் ஏற்றுமதியாளருக்கு. அதனால்தான் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபிக்குப் பதில் எஃப்சிஏ (சரக்கைக் கொண்டுபோகிறவரிடம் ஒப்படைத்ததும் விற்பவரின் ஆபத்து முடிந்தது) போடச் சொல்கிறது, இன்கோடெர்ம்களை வெளியிடும் சர்வதேச வர்த்தக சபை. இதைப் பொறுமையாக விளக்குங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஒரு பைசா வராது, ஆனால் அடுத்த சந்தேகத்துக்கு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

"'ரேட் அனுப்புங்க'ன்னு சொல்றாங்க. அனுப்பினா சத்தமே இல்ல."

பல நேரம் நம் ரேட்டைக் காட்டிப் பழைய ஆளிடம் குறைக்கத்தான் கேட்கிறார்கள். அதில் கோபப்பட எதுவும் இல்லை, நாமும் கடையில் அப்படித்தான் கேட்போம். ஆனால் வெறும் ரேட்டை அனுப்பாதீர்கள். அதோடு மூன்று விஷயம் போகட்டும்: எத்தனை நாளில் சேரும், கொழும்பில் அல்லது சிங்கப்பூரில் கப்பல் மாறுமா, போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை ஃப்ரீ டேஸ் (கண்டெய்னருக்குக் கூடுதல் கட்டணம் இல்லாத நாட்கள்). ரேட் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதுங்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தபோது, தேதி போடாமல் ரேட் கொடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து போன் செய்து "ரேட் எப்படி?" என்று கேட்காதீர்கள். "சரக்கு எந்தத் தேதிக்குத் தயாராகும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் உண்மையான ஷிப்மெண்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

"கப்பல் கூலியைக் குறைச்சுக் காட்டிட்டு லோக்கல் சார்ஜ்ல எடுத்துக்கலாமா? எல்லாரும் செய்யறாங்களே."

செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். டெர்மினல் கட்டணம், பிஎல் (சரக்கை ஏற்றியதற்கான கப்பல் ஆவணம்) கட்டணம், சீல், டிஓ (சரக்கை விடுவிக்கும் உத்தரவு) கட்டணம் என்று பில் வரும்போது வாடிக்கையாளர் கூட்டிப் பார்ப்பார். முதல் பில்லிலேயே ஏமாற்றம் என்றால் இரண்டாவது பில் போட வாய்ப்பே இருக்காது. கொட்டேஷனிலேயே எல்லாக் கட்டணத்தையும் வரிசையாக எழுதி, அடியில் மொத்தத் தொகையைப் போடுங்கள். நம் மொத்தம் போட்டியாளரின் முதல் வரியைவிடப் பெரிதாகத் தெரியும், பரவாயில்லை. "அவரிடமும் இதே மாதிரி மொத்தம் கேட்டு வாங்குங்க சார், பக்கத்தில் வைத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். என்னிடம் நிலைத்து நின்ற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

"மாசம் ரெண்டு கன மீட்டர் அனுப்பற சின்ன ஆளுக்கு நேரம் செலவு பண்ணணுமா?"

என் பதில், கட்டாயம். சின்ன ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரு உதாரணம். காகித விளக்குக்கூடு செய்பவர் ஒருவர், 60க்கு 40க்கு 50 சென்டிமீட்டரில் 20 பெட்டி, பெட்டிக்கு 15 கிலோ. மொத்த எடை 300 கிலோ. விமானத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள், பெட்டிக்கு 20 கிலோ. ஆக 400 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கடலில் எல்சிஎல் (மற்றவர் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் அனுப்புவது) என்றால் 2.4 கன மீட்டர். இந்தக் கணக்கை அவர் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். பெட்டி உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் குறைக்க முடிந்தால் விமானக் கணக்கு 320 கிலோவாக இறங்கும் என்பதையும் காட்டுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான எண்) எடுக்க வழி சொல்லுங்கள். அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், பான் எண்ணே ஐஇசி எண். ஏடி கோடை (அவருடைய வங்கிக் கிளையின் குறியீடு) கஸ்டம்ஸில் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் சரக்கு தயாரான பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். ஐஇசி விவரத்தை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். விட்டால் எண் முடங்கிவிடும். ஜூன் முதல் வாரத்தில் உங்கள் நோட்டில் உள்ள எல்லாருக்கும் இதை ஞாபகப்படுத்துங்கள், ஷிப்மெண்ட் கொடுக்காதவர்களுக்கும்.

"சிப்காட் கெமிக்கல் கம்பெனிக்கு ரேட் கொடுக்கப் பயமா இருக்கு."

பயம் நல்லதுதான், அதை வேலையில் காட்டுங்கள். எம்எஸ்டிஎஸ் (கெமிக்கலின் பாதுகாப்பு விவரத் தாள்) கையில் வராமல் ரேட் கொடுக்காதீர்கள். அதன் 14ஆம் பகுதியில் போக்குவரத்து விவரம் இருக்கும்: யுஎன் எண், ஆபத்து வகுப்பு, பேக்கிங் குரூப் (ஆபத்து எவ்வளவு என்ற அளவு). அதை லைனுக்கு அனுப்பி ஏற்கிறார்களா என்று கேட்ட பிறகுதான் விலை. "சாதாரண சரக்குன்னு போட்டுடுங்க, செலவு குறையும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்ததற்கு நைட்ரிக் அமிலக் கசிவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். இலங்கை மீனவர்கள் எவ்வளவு காலம் கடலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்று நம் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பண்ருட்டி முந்திரிக்காரங்க ஃப்ரெய்ட் பத்தியே பேச மாட்டேங்கறாங்களே?"

பச்சை முந்திரிக்கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. பெரும்பாலும் கப்பல் கூலி சேர்த்த விலைக்கு வாங்குவார்கள், முடிவு விற்பவர் கையில். ஆனால் வந்த பிறகு வரும் டிடென்ஷன், டெமரேஜ் (கண்டெய்னரை நாள் தாண்டி வைத்திருந்தால் வரும் கட்டணங்கள்) அவர்கள் தலையில் விழும். அதைப் பேசுங்கள். ஒப்பந்தம் போடும்போதே 14 அல்லது 21 ஃப்ரீ டேஸ் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கொட்டையில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே கிளியரன்ஸில் வேகம் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கா சீசன் பிப்ரவரிக்கு மேல், தான்சானியா அக்டோபருக்கு மேல். அதற்கு ஒரு மாதம் முன்னால் போய் உட்காருங்கள். சீசனில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.

"புதுச்சேரி கஸ்டமர் பில்லைப் பார்த்து ஐஜிஎஸ்டி ஏன்னு கேக்கறார்."

ஜிஎஸ்டி எண் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. சென்னை ஆபீஸின் 33 எண்ணில் பில் போட்டால் புதுச்சேரிக்காரருக்கு வெளிமாநில பில்லுக்கான ஐஜிஎஸ்டி, கடலூர்க்காரருக்கு சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். ஏற்றுமதிக் கப்பல் கூலிக்கு இருந்த வரிவிலக்கு 2022 செப்டம்பர் 30உடன் முடிந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னமும் விலக்கு இருப்பதாக நினைக்கிறார்கள். இதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

"முதல் ஷிப்மெண்டுக்கே 60 நாள் கடன் கேக்கறாங்க. ஆர்டர் போயிடுமோன்னு ஓகே சொல்லிடட்டுமா?"

லைனுக்கு நாம் உடனே கட்டுகிறோம். 60 நாள் கடன் என்றால் அவருடைய கூலிக்கு நாம் வட்டி கட்டுகிறோம் என்று அர்த்தம். முதல் மூன்று ஷிப்மெண்டுக்குப் பணம் வந்ததும் பிஎல் என்று சொல்லுங்கள், அப்புறம் 15 நாள், 30 நாள் என்று ஏற்றலாம். உங்கள் கம்பெனி உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொரு பிடி உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால், கட்டும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. மிரட்டலாகச் சொல்லாதீர்கள். அவருடைய ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

"கப்பல் லேட். கஸ்டமர்கிட்ட எப்ப சொல்றது?"

தெரிந்த அதே மணி நேரத்தில். என் மூன்றாவது வருடத்தில் ஒரு தோல் பொருள் வாடிக்கையாளரின் கண்டெய்னர் கொழும்பில் அடுத்த கப்பலைத் தவறவிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கு மெயில் வந்தது. புதுத் தேதி கிடைத்ததும் திங்கட்கிழமை சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். சனிக்கிழமையே அவருக்கு வாங்குபவரிடமிருந்து போன் போய்விட்டது. "தாமதத்தை நான் மன்னிப்பேன்மா, என் கஸ்டமர் முன்னால என்னை ஒண்ணும் தெரியாத ஆளா நிக்க வெச்சுட்டியே" என்றார். அதோடு அந்தக் கணக்கு போயிற்று. அவர் சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் விழுப்புரம் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம். எங்கள் வீட்டிலும் மின்சாரம் இல்லை. காரில் போனை சார்ஜ் போட்டுக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினேன். நல்ல செய்தி ஒன்றுமே இல்லை. அந்த வாரம் வேறு ஃபார்வர்டரின் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், தங்கள் வண்டி எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். இருவரும் இப்போது எங்களுடன் இருக்கிறார்கள்.

"இன்சூரன்ஸ் பத்திப் பேசினா, 'உங்க மேலயே நம்பிக்கை இல்லையா'ன்னு கேக்கறாங்க."

நம் பொறுப்புக்கு வரம்பு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மேலே சொன்ன 1993 சட்டப்படி கடல் வழிச் சரக்குக்குப் பெட்டி ஒன்றுக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. விலை உயர்ந்த சரக்குக்கு இது எந்த மூலைக்கும் காணாது.

2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னருடன் மூழ்கியது. 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதாவது கப்பலை மீட்ட செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு தர வேண்டும், சரக்குக்குச் சேதமே ஆகாவிட்டாலும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பங்கை அது பார்த்துக்கொள்ளும். சிஐஎஃப் என்றால் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். அதில் கட்டாயமானது மிகக் குறைந்த பாதுகாப்பான சி பிரிவு மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள்.

"பர்ச்சேஸ்ல இருக்கறவர் தனக்கு எவ்வளவுன்னு கேக்கறார்."

"எங்க கம்பெனில அந்த வழக்கம் இல்ல சார்" என்று ஒரே முறை, சிரித்த முகமாகச் சொல்லுங்கள். உங்கள் மேலாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த ஆர்டர் போகும், போகட்டும். அப்படி வாங்கிய ஆர்டர் அந்த ஆள் வேலை மாறும் நாளில் எப்படியும் போய்விடும்.

"மூணு மாசம் ஆச்சு, ஒரு ஷிப்மெண்ட்கூட வரல. எனக்கு இந்த வேலை வராதோ?"

மூன்று மாதத்தில் யாரும் முடிவு சொல்ல முடியாது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியை நான் 14 மாதம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்றுதான் பதில். ஜூனில் ஐஇசி ஞாபகப்படுத்தினேன், அவர்கள் மறந்தே போயிருந்தார்கள். ஆகஸ்டில் அவர்களுடைய ஃபார்வர்டர் போன் எடுக்காத ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு எல்சிஎல் பெட்டிக்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை கம்பெனிக்கு முதல் சந்திப்பின் ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள்? 30க்குக் கீழே இருந்தால் இன்னும் நடக்க வேண்டும். 30க்கு மேல் இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், நோட்டோடு ஒரு சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.